நடுக்கடலில் வாயைத் திறந்தேன்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதக் கடைசியில் புதுச்சேரி கடலில் நடந்தது இது. நாங்கள் இருப்பது நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து என்கிற ஊர். நான் டவுன்ஷிப்பில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். என் கணவர் அப்போது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. ஷிப்ட் முழுக்கத் தூசிதான்.

அவருடைய ஷிப்டில் சில பர்மனென்ட் ஆட்களுக்குத் திடீரென்று ஸ்கூபா டைவிங் ஆசை வந்துவிட்டது. தினமும் அவ்வளவு பெரிய பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிறவர்களுக்குக் கடலுக்கு அடியிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்! ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும் என்றதும் என் கணவரைக் கை காட்டினார்கள். மனுஷன் விழுந்து விழுந்து செய்தார். வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாகத்தான் இருப்பார். படகையே மொத்தமாக வாடகைக்கு எடுத்துப் பங்கு போட்டால் மலிவு என்று கண்டுபிடித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குறைந்த வாடகையில் ஒரு லாட்ஜ் பிடித்தார். பர்மனென்ட் ஆட்கள் அவரைச் சுற்றி நின்று, "அடுத்து இன்னா பண்ணணும்ப்பா?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே பெருமையாக இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆள் குறைந்தால் மற்றவர்கள் பங்கு ஏறும், முணுமுணுப்பார்கள். "அந்த எடத்துல நானே எறங்கறேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவருக்கு வீசிங் உண்டு. வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சுரங்கத்துக்குள் விடுகிற கேட் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள், வேலை போய்விடும். அவருக்கு வேண்டிய இன்ஹேலரை எங்கள் கடையிலேயே என் அப்பாவுக்கு என்று பொய் சொல்லித்தான் வாங்கி வருவேன்.

"சும்மா படவுல குந்திக்கினு வரேன்னு சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"அந்த சூப்பர்வைசரும் கூட வர்றாரு. இன்னா காரணம்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றார். அந்த சூப்பர்வைசர் கான்ட்ராக்டருடைய ஆள். பாஸுக்குக் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான். தனியாக அனுப்ப மனம் வராமல், வேடிக்கை பார்க்கிறேன் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

லாட்ஜில் நல்ல அறைகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூஞ்சை பூத்திருந்த அறையை எங்களுக்கு வைத்துக்கொண்டார். விடிவதற்குள் அவருக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு மருந்தை உறிஞ்சினார்.

படகு கரை மறைகிற தூரத்துக்குப் போய் நின்றது. பயிற்சி கொடுக்கிறவர் எல்லோரையும் உட்கார வைத்து, "யாருக்காவது வீசிங், ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மேல வரும்போது காத்து உள்ளேயே மாட்டிக்கிட்டா நுரையீரல் கிழிஞ்சிடும்" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்." வரிசையாக அதே பதில். என் கணவரும் அதையே சொன்னார். எங்கள் பக்கம் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் யோசிக்காமல் வருகிற பதில் அது. சிலிண்டரை மாட்டிப் படகு விளிம்பில் உட்கார வைத்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவர் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. இழுப்பு இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம்.

"சார், அவருக்கு வீசிங் இருக்கு சார். காலையிலகூட மருந்து இழுத்துக்கினாரு."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். "சளிதான் சார், அது ஏதோ ஒளறுது" என்றார் இவர். பயிற்சியாளர், "இன்னிக்கு வேணாம்ணே" என்று சிலிண்டரைக் கழற்றிவிட்டார்.

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "இன்னாப்பா, இவ்ளோ நாளா சொல்லவே இல்ல?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மற்றவர்கள் இறங்கி, மீன் பார்த்து, ஏறி வந்து கும்மாளம் போடும்வரை இவர் அந்த ரப்பர் உடையைக் கழற்றாமல், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு அலைந்து அவர் ஏற்பாடு செய்த பயணம் அது.

பாஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, நானே போய்க் கேட்டும் சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். "தெரிஞ்சிக்கினே எப்பிடிம்மா கையெழுத்து போடறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா என் தலைதான் உருளும்" என்றார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என் கணவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். வருமானம் பாதிகூட இல்லை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் மகளைக் கூப்பிட்டுக் கேட்கிறார். ஒரே ஒருமுறை மட்டும், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எறங்கியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

இருக்கலாம். அதை அவராலும் நிரூபிக்க முடியாது, என்னாலும் முடியாது. அத்தனை வருடம் தூசிக்குள் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள், கடலில் மட்டும் ஏன் பேசினேன் என்று அவர் கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே கண் விழிக்கிற ஒவ்வொரு காலையிலும், திரும்ப அந்தப் படகில் உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன் என்று தோன்றுகிறது. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.