கூடாரப் பண்டிகைக்குக் கட்டிய தறப்பாள்

நல்லது செய்யப் போய் நாலு பேர் முன்னால் திருதிருவென்று முழிப்பது எங்கள் அப்பாவுக்குக் கைவந்த கலை. ஹனோவரில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றைப் பராமரிக்கும் வேலை அவருக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. வேலை நிரந்தரமானால்தான் எங்கள் விசா நீளும். அவருக்கு அந்த நாட்டு மொழியான டொச் அவ்வளவாக வராது. அம்மாவுக்குப் பின்னேர வேலை இருக்கும் நாட்களில், மொழிபெயர்க்க ஒன்பது வயதுப் பெண்ணான என்னை இழுத்துக்கொண்டு போவார்.

கூடாரப் பண்டிகை வந்தது. அவர்களின் குருவான ரபி, முற்றத்தில் ஒரு கொட்டில் போட்டு மேலே பச்சைக் கிளைகளைப் பரப்பியிருந்தார். பண்டிகை தொடங்கும் மாலையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே தொழுதுகொண்டிருக்க, கொட்டில் ஒழுகுவதைக் கண்ட அப்பா பதறியடித்து தண்ணீர் புகாத ஒரு நீலத் தறப்பாளைக் கொண்டுவந்தார். கூரைமேல் இழுத்து, நாலு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"இனி ஒரு சொட்டும் இறங்காது பிள்ளை."

மழை விட்டதும் சனம் வெளியே வந்து கொட்டிலைப் பார்த்து அப்படியே நின்றது. அந்தப் புனித நாளில் அவர்கள் முடிச்சு அவிழ்க்கக் கூடாது. அவிழ்க்கும்படி இன்னொருவரை ஏவுவதும் தவறு என்று நினைப்பவர் எங்கள் ரபி. சாடையாகச் சொல்லலாம், அவ்வளவுதான். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது.

ரபி தாடியைத் தடவிக்கொண்டு தொடங்கினார். முன்னோர் வீடில்லாமல் பாலைவனத்தில் அலைந்தார்கள், அதனால் ஏழு நாள் கொட்டிலில் இருக்கும்படி தங்கள் வேதமான தோராவில் எழுதியிருக்கிறது, கிளைகளுக்கு மேலே வானம்தான் இருக்க வேண்டும் என்றார். நான் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். அப்பா பணிவாகத் தலையாட்டினார். "நல்ல விசயம். மழைக்குப் பயப்பிடாமல் இருக்கச் சொல்லு, வடிவாக் கட்டியிருக்கிறன்."

ரபி வானத்தைப் பார்த்தார். தறப்பாளைப் பார்த்தார். இதற்குக் கீழே நாங்கள் சாப்பிட முடியாதே என்று பெருமூச்சு விட்டார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. எனக்குக் கால்மாறிக் கால்மாறி நின்று அலுத்துவிட்டது. அப்பாவின் முகம் வெளிறியது. வேலை போகப்போகிறது என்று நினைத்தாரென்பது எனக்கே தெரிந்தது.

"என்ன பிழை விட்டனான் எண்டு கேள். ஒழுகிற கூரைக்குக் கீழையே பிள்ளையளை இருத்தப் போகினம்?"

கேட்டேன். ஆமாம், முன்னோர் பட்டதைப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்றார் ரபி.

அப்பா ஏணியை இழுத்துவந்து சாத்தினார். மேலே ஏறினார். மழையில் ஊறிய முடிச்சுகள் லேசில் அவிழவில்லை. தறப்பாள் விலகியதும் சனம் பாடிக்கொண்டே உள்ளே போனது. ரபி அப்பாவின் இரு கைகளையும் பிடித்து எங்களையும் சாப்பிட அழைத்தார். வேலைக்கு ஆபத்தில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

அப்பா வரவில்லை. "எனக்கு ஏலாது. நீ போ."

ஊரில் போருக்குப் பயந்து இடம்பெயர்ந்த காலத்தில், ஒரு மாரி முழுவதும், அம்மாவோடும் கைக்குழந்தையான அண்ணாவோடும் அவர் ஓலைக் கொட்டிலில் நனைந்து கிடந்த கதையை வீட்டில் யாரும் அதுவரை எனக்குச் சொன்னதில்லை. அதனால் நான் சந்தோசமாகச் சாப்பிட்டேன். கிளையிலிருந்து துளி தலையில் விழுந்தபோதெல்லாம் சிரித்தேன். அப்பா வாசலுக்கு வெளியே, கிளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது ட்ராமில் அவரைத் தேற்ற நினைத்தேன்.

"அப்பா, நீங்கள் ஒருநாளும் கொட்டிலிலை இருந்ததில்லை. அதுதான் உங்களுக்கு இந்தப் பண்டிகை விளங்கேல்லை."

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா.