இடப்பக்கம் சாய்ந்த தையல்

கன்னியர் மடத்துப் பள்ளியில் ஏழாம் ஸ்டாண்டர்ட் முடிக்கிற பெண்கள் வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று எங்கள் ஐரிஷ்காரச் சிஸ்டருக்குத் தோன்றிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு பினாங்கு டவுன் முழுக்க நடந்தார். ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்கு இரண்டு இடம், ஒரு கம்பெனியில் டைப் அடிக்க ஓர் இடம், பீச் தெருவில் துரைசானிகளுக்குக் கவுன் தைக்கும் கடையில் ஓர் இடம் என்று பேசி முடித்துவிட்டு வந்தார். வாரத்தில் இரண்டு மதியம் அங்கே போய்ப் பழக வேண்டும். பள்ளி முடிந்ததும் அங்கேயே வேலை. எனக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். என் இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் சிஸ்டருக்கு மயக்கம் வரும். மிச்சமிருந்தது கவுன் கடைதான்.

அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். ஆசைப்படுகிற பெண்கள் தங்கள் கையாலேயே ஒரு குழந்தைக் கவுன் தைத்துக் கொண்டுவர வேண்டும். நான் ஊசி பிடித்தால் துணியைவிட விரலில்தான் குத்து அதிகம் விழும்.

எங்கள் வீட்டில் தைக்கத் தெரிந்தவள் அக்கா. அம்மா தவறியபோது அவள் நாலாம் ஸ்டாண்டர்ட் படித்துக்கொண்டிருந்தாள். என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. வளர்ந்த பெண் தானாக வேலை கேட்டுக் கடைப்படி ஏறினால் அவர் மானம் போய்விடும். பள்ளிக்கூடமோ கடையோ ஆள் விட்டுக் கூப்பிட்டால் மட்டும் போகாது. அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். அப்பா அடித்து அடித்துச் சோற்றையும் பேனாவையும் வலது கைக்கு மாற்றினார். ஊசி மட்டும் மாறவில்லை.

"குடுடி, நான் தெச்சித் தரேன்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. மூன்று மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். கழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக நீலப் பூ. ஓரத்தில் எறும்பு போகிற மாதிரி தையல்.

சிஸ்டர் அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். இடம் எனக்கே என்றார். விரலெல்லாம் குத்திக்கொண்டு தானே தைத்து வந்த இன்னொரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். நான் அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் மதியம் கவுனோடு கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பாதி வெள்ளைக்கார யூரேஷியப் பெண்மணி. தமிழ், மலாய் எல்லாம் பேசுவார். கவுனைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் துணியை நீட்டி, ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னார். நாலு தையல் போடுவதற்குள் வாங்கிக்கொண்டார். கவுனில் தையலெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என்னுடையது கோணல்மாணலாக வலப்பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். அவருக்கு ஒரு கவளம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் அவர் திட்டவில்லை.

"இது இடக்கை வேலைலா. யாரு தெச்சது? அந்த ஆளைக் கூட்டிட்டு வா. வீட்டுல விடமாட்டாங்கன்னா நானே வந்து கேக்குறேன்."

அக்கா என்ற ஒரு சொல் நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே, அடுப்படியில் கிடக்கிற அக்கா இந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதும், நான் வீட்டில் தம்பிக்குச் சோறு ஊட்டுவதும் கண்ணுக்குள் வந்தன. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி நான் அலுத்துவிட்டேன்.

"எங்க அத்தை தெச்சாங்க. போன கப்பல்ல நாகப்பட்டணம் போயிட்டாங்க" என்றேன். எனக்கு அத்தையே கிடையாது.

கடைக்காரம்மா கொஞ்ச நேரம் அந்த நீலப் பூக்களைத் தடவிப் பார்த்தார். பிறகு கவுனை மடித்து என்னிடமே கொடுத்தார். இடம், மூக்கை உறிஞ்சிய அந்தப் பெண்ணுக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலில் நிற்கிறாள். ஞாயிறு பூசைக்கு மட்டும் கட்டுகிற ரோஸ் சேலை. தலையில் பூ. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"எனக்கு இடம் இல்லையாம்."

"தையலைப் பாத்து ஒண்ணும் கேக்கலியா?"

"ஒண்ணும் கேக்கல."

அவள் உள்ளே போய்ப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். பிறகு போய்த் தம்பியை அழைத்து வந்தாள்.

சனிக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னேன் என்றேன். என்ன பொய், யாரிடம் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, தப்பித்தோம் என்று வாசலில் ஐஸ் வாங்கித் தின்றேன்.

எனக்கு வேலை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில்தான் அக்கா அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே ஒரு மகள் பிறந்து, அவளை யாரிடம் விட்டுவிட்டு வெளியே கிளம்புவது என்று தவித்த ஒரு நாளில்தான், தம்பி எதற்காகப் பக்கத்து வீட்டில் இருந்தான் என்பது உறைத்தது. தன் தையலைப் பார்த்துக் கடையிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே கிளம்ப அவள் தயாராக நின்றிருக்கிறாள். கூப்பிடத்தான் செய்தார்கள். அதை அவளிடம் சொல்ல வேண்டியவளாக நான் ஒருத்தி மட்டும் இருந்தேன்.