பாசி பிடிக்காத பாட்டில்

இரண்டாயிரம் லிட்டர். இந்த எண் ஞாபகத்தில் இருக்கட்டும். ஜோர்டான் தலைநகர் அம்மானின் கிழக்கு மேட்டில் ஒரு வீட்டு மாடித் தொட்டி அவ்வளவுதான் பிடிக்கும். சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வரும். அடுத்த சனிக்கிழமை வரை அதுதான். மேற்கு மேட்டு மாளிகைக்காரர்களும் இப்படித்தான் அல்லாடுகிறார்கள் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமாம் தனி ஆள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் போர்வை அலசியவள். தொட்டி அவளுக்குப் பத்து நாள் தாங்கும். இந்த வாரம் செவ்வாய்க்கிழமையே தட்டிப் பார்த்தால் டங்கென்றது. கால்வாசிகூட இல்லை.

கீழ்வீட்டு நஜாஹ் படியேறி வந்தாள். "உம் முஹன்னத்! உன் வீட்டு டாய்லெட் வாயை மூடவே மூடாதா? என் மாமியார்கூட மூச்சு வாங்க நிறுத்துவா."

உம் முஹன்னத் என்றால் முஹன்னதின் அம்மா. மகன் ஜெர்மனிக்குப் போய் ஒன்பது வருஷம். அவன் பெயர் மட்டும் தெருவில் தினமும் அவள் காதில் விழுகிறது.

"பிளம்பரைக் கூப்பிடேன்டி."

"வேணாம். நானே பார்த்துக்கறேன்."

சுவரோரக் குழாயைத் திருகி மூடினாள். ஃப்ளஷ் தொட்டியின் மூடியை விரலளவு தூக்கி, மிச்சமிருந்த செம்பருத்திச் சாற்றை உள்ளே ஊற்றினாள்.

"என்னடி, புதுப்பொண்ணு முக்காட்டைத் தூக்கற மாதிரி இவ்வளவு பதமா?"

இருவரும் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். கீழே பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு இறங்கவில்லை.

"அடி ரப்பர் ஒழுகலை," என்றாள் தமாம். "அப்போ மேலதான் வழியுது."

குழாயைத் திறந்தாள். நஜாஹ் பொறுக்காமல் மூடியை இழுத்து எடுத்தாள். தண்ணீர் ஏறியது, நடுவில் நிற்கும் வழிகுழாயின் விளிம்பைத் தொட்டு உள்ளே வழிந்தது. மேலே மிதந்து தண்ணீரை நிறுத்த வேண்டிய பந்து உள்ளேயே முங்கிக் கிடந்தது. அதன் கம்பி மேல் மணல் நிரப்பிய பாட்டில் ஒன்று சாய்ந்து படுத்திருந்தது.

"இது யார் வெச்சது?"

"முஹன்னத். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில வெச்சான். 'இது அடைச்சிக்கிற இடத்துக்குத் தண்ணி ரொம்பாதும்மா, ஒவ்வொரு தடவை ஃப்ளஷ் பண்றப்பவும் மிச்சம்தான். நான் வர்ற வரைக்கும் எடுக்காதே'ன்னான்."

நஜாஹ் குனிந்து பாட்டிலை விரலால் தடவிப் பார்த்தாள். "ஒன்பது வருஷமா தண்ணியில கிடக்குது. பாசியே இல்லையே?"

தமாம் தரையைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை எடுத்துக் கழுவுவேன். போன வாரம் கை நடுங்குச்சு. பந்துப் பக்கமா வெச்சுட்டேன் போல."

அப்போது போன் அடித்தது. மகன்.

"உன் பாட்டில் சாஞ்சுடுச்சுடா," என்றாள் தமாம்.

"எந்தப் பாட்டில்மா?"

"ஃப்ளஷ் தொட்டியில வெச்சியே."

"நானா? அதையெல்லாம் தூக்கிப் போடும்மா. புது டேங்க் வாங்கிக்கோ, பணம் அனுப்பறேன்."

"பணம் இருக்கு. நீ எப்போ வர்றே?"

"கோடைக்குப் பார்க்கலாம்மா."

ஒன்பது கோடையாக அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். "சரிடா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

தலைத்துணி ஒன்றைக் கிழித்து நீட்டினாள் நஜாஹ். "அந்த மூலையில நிறுத்திக் கட்டு. சனிக்கிழமை கழுவும்போது என்னைக் கூப்பிடு. ரெண்டு பேரா வெப்போம்."

தமாம் பாட்டிலைப் பந்துக்கு எட்டாத மூலையில் நிமிர்த்திக் கட்டினாள். பந்து மெல்ல மேலே வந்தது. சத்தம் நின்றது. வீடு இவ்வளவு அமைதியானது என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு தடவைக்கு மகன் மிச்சப்படுத்துவது ஒன்றரை லிட்டர்.