நீரோட்டம் காட்டிய இடம்

அவருக்கு நீரோட்டம் என்று பெயர் வைத்தது யாரென்று ஊருக்கே மறந்துபோய்விட்டது. எங்கே தோண்டினால் தண்ணீர் வரும், எங்கே கடப்பாறை வளையும் என்று நடந்து பார்த்தே சொல்லிவிடுவார். கணவனைப் பறிகொடுத்த தங்கை நாலு ஏக்கரை வைத்துக்கொண்டு திகைத்து நின்றபோது, கிணறு வெட்ட இடம் காட்டியதும் அவர்தான். இருபதாவது அடியில் தண்ணீர் பீறிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் சொன்னா தப்புமா?" என்று அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

மனிதரிடம் ஒரே ஒரு குறை. மண்ணைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க வராது.

எண்ணெய்க் குழாய் அவர் வயல் வழியாகப் போகிறது என்று நோட்டீஸ் வந்தது. குழாய் போகும் பட்டையில் கிணறு இருக்கக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. ஊர் கூடியது. யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, கம்பெனி ஆளுக்கு மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவாயிற்று. அதை முன்னின்று சொன்னவரே நீரோட்டம்தான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கம்பெனி இன்ஜினீயர் திரையில் வரைபடம் போட்டார். நீரோட்டத்தின் வயலைக் குச்சியால் தொட்டு, "இங்க மண்ணு இளக்கம். சுலபமா தோண்டிடலாம்" என்றார்.

அவ்வளவுதான், இவருக்குப் பொறுக்கவில்லை.

"யாருய்யா சொன்னது இளக்கம்னு? நாலடிக்குக் கீழ முழுக்கப் பாறை. வெடி வச்சாலும் அசையாது. இளக்கம்னா அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், என் தங்கச்சி நிலம். இருபதடிக்கு ஒரு கல்லு இருக்காது. இதுகூடத் தெரியாம படம் காட்ட வந்துட்டீங்க!"

கூட்டம் கைதட்டியது. தங்கையும் தட்டினாள். இன்ஜினீயர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவமானத்தில் குனிந்தார் என்று இவர் நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

அடுத்த நோட்டீஸ் தங்கை பெயருக்கு வந்தது. குழாயின் பாதை வாய்க்காலைத் தாண்டி, சரியாக அவள் கிணற்றின் மேல் விழுந்திருந்தது. தன் நிலம் தப்பிக்கத் தங்கையைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "நான் சொன்னது பொய் சார். அங்கயும் பாறைதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மண்ணைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது.

"துளை போட்டுப் பார்த்துட்டோம், பெரியவரே" என்றார் இன்ஜினீயர்.

கிணற்றை மூடிய அன்று அவர் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். மண் விழ விழ, தண்ணீர் கலங்கி மேலே ஏறி வந்து, கடைசியில் சேறாகி அடங்கியது. பக்கத்தில் குழாய்க்குப் பள்ளம் வெட்டவைத்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அவரை அடையாளம் கண்டு சிரித்தார்.

"ஐயா, நீங்க சொன்னது அப்படியே சரி. ஒரு கல்லுகூட இல்ல."

வயலை ஒட்டிய தன் வீட்டு வாசலில் நின்ற தங்கை காதிலும் அது விழுந்தது. அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்து, "எங்க அண்ணன் சொன்னா தப்புமா?" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.