அத்தானின் கால்

மொன்றியலில், எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டில் குளிர்காலம் வந்தால் எல்லோருடைய காலுறைகளும் ஹீற்றரின் மேல்தான் காயும். ஒரு நாள் அத்தானுடைய சாம்பல்நிறக் காலுறையில், பெருவிரல் பக்கமாக, கழுவியும் போகாத மஞ்சள் கறை ஒன்றைக் கண்டேன். வேறு யாரும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். எனக்கு அப்படி விட வழியில்லை. கனடாவின் வடக்கே பூர்வகுடி மக்களின் சிற்றூர்களில் நீரிழிவுக்காரர் ஏன் காலம் கடந்து வைத்தியரிடம் வந்து காலை இழக்கிறார்கள் என்பதுதான் என் முதுமாணிப் பட்ட ஆய்வு. விமானம் ஏறிப் போய் நான் விசாரித்த புண், சாப்பிட்டுப் படுக்கும் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர், மன்னார்க்காரர். கோயிலில் யாருக்குத் தடிமன், காய்ச்சல் என்றாலும் வீடு தேடிப் போய் விசாரிப்பார். தன் நீரிழிவை மட்டும் மூடி வைத்திருந்தார். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பரம்பரை வருத்தம் என்று தெரிந்தால் செயின்ட்-மிஷேலில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தார். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"அங்க நிலம் துடைக்கிறவையும் எங்கட கோயில் ஆக்கள், கட்டில் தள்ளுறவையும் எங்கட கோயில் ஆக்கள். நான் உள்ளுக்குப் போக முந்திக் கதை செயின்ட்-மிஷேலுக்குப் போயிடும். கலியாணம் முடியட்டும், பேந்து பாப்பம்."

பேந்து என்றால் புண்ணுக்குப் புரியுமா? அக்கா அழுது பார்த்தாள், சண்டை பிடித்தும் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அப்படிப்பட்ட புண் எங்கே போய் முடியும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தவள் நான்.

அந்த நாட்களில்தான், என் ஆய்வில் இடம்பெற்ற க்ரீ பூர்வகுடியைச் சேர்ந்த லொறிச் சாரதி ஒருவர் செயற்கைக் கால் பொருத்த மொன்றியலுக்கு வந்தார். அத்தானின் வயதுதான் இருக்கும். ஒருவரைப் பற்றி எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் படிப்பின் விதி. அவரை வீட்டுக்கே அழைத்தேன். ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்திவிட்டு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தவர், தனக்கு நீரிழிவு, இதில் எதைச் சாப்பிடலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டார். பதறிப்போன அக்கா சோற்றுச் சட்டியைப் பின்னுக்கு இழுத்து, கீரையை முன்னுக்குத் தள்ளினாள். அத்தான் தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும், எல்லோரும் இருந்த அந்த மேசையிலேயே அவரைப் பற்றி எழுதியதை வாசித்தேன். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இல்லாமல், 'ஒரு சாரதி' என்றுதான் எழுதியிருந்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் ஊரில் ஒற்றைக்கால் சாரதி நான் ஒருவன்தான், யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. மனைவிக்குத் தெரியக்கூடாது என்று புண்ணைச் சப்பாத்துக்குள் ஒளித்து ஒளித்தே அந்தக் காலைப் பறிகொடுத்தேன், இனி ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை, பெயரைப் போடு என்றார். போட்டேன்.

மறுநாள் காலை அத்தான் மேலங்கியோடு கதவடியில் நின்றார்.

"மச்சாள், வெளிக்கிடும். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலும்பைத் தொடும் முன் மருந்து முந்திக்கொண்டது. போன சனிக்கிழமைகூட அந்தக் காலை ஊன்றி நின்றுதான் வாசல் பனியை வழித்தார். வைத்தியர் சொன்னதைக் கேட்டபோது வந்த நிம்மதியை என் பட்டம்கூடத் தந்ததில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது, வைத்தியர் கூப்பிடுமுன் நாங்கள் காத்திருந்த நேரத்தைத்தான். நீரிழிவுப் பிரிவின் மூலையில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி ஒருவர் இருந்தார். எங்களைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளையின் தகப்பன். அத்தான் நேரே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தகப்பன்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

"உமக்குக் காலோ, கண்ணோ?"

"கால், அண்ணை."

"எனக்குக் கண்."

அத்தான் குனிந்து, சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் உருவி, புண்ணை அவருக்குக் காட்டினார்.