வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் ஒரு வாளி

கடல் முள்ளெலி என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எங்கள் கரையில் அது வெறும் முள்ளுருண்டை. வலையில் ஏறினால் வைதுகொண்டே உதறிவிடுவார்கள். அதைக் கூடை கூடையாகக் கேட்டு வாங்குகிற ஒரு அம்மா புதுமடத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது ஊரே சிரித்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. மதராசிலிருந்து வந்த அந்த டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் அல்ல, உயிரணுவை, அதாவது செல்லை, ஆராய்கிறவர். கடலோரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடத்தை எடுத்து மைக்ராஸ்கோப், கண்ணாடிக் குழாய்கள், மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். கூடவே மதுரைக்காரர் ஒருவர் உதவியாளராக இருந்தார், பி.எஸ்ஸி. படித்தவர். குழாய் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். உச்சிப்புளியில் ரயில்பாதை வேலை பார்த்த என் வீட்டுக்காரர், போய்த்தான் பாரேன் என்றார். போனேன்.

கவலை எனக்குப் பசி மாதிரி, நேரத்துக்கு வந்துவிடும். ஸ்டவ் வெடித்துவிடுமோ, சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் உருண்டு விழுந்துவிடுமோ, கழுவிய குழாயில் சோப்பு ஒட்டியிருக்குமோ என்று ஒவ்வொன்றையும் எட்டுத் தரம் அலசுவேன். அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா கழுவுகிற வேலைக்கு மேலே இன்னொரு வேலையும் கொடுத்தார்.

முள்ளுருண்டையின் முட்டை கருக்கூடி, மறுநாள் கண்ணுக்குத் தெரியாத பொடிகளாக நீந்தும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பம்பரம் போலச் சுற்றும். அந்தப் பொடிகளைக் குழாயில் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் சொன்ன நேரம் நிறுத்தி, பிறகு பழைய கடல்நீருக்கே மாற்ற வேண்டும். பிழைத்ததா செத்ததா என்று அடுத்த நாள் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஒருநாள் உதவியாளர், ஒருநாள் நான்.

"இதுகளை எதுக்கும்மா வேக வைக்கிறோம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காய்ச்சல் வந்தா உடம்பு கொதிக்குதில்ல? அப்ப உள்ள இருக்கற ஒவ்வொரு செல்லும் என்ன பாடுபடும்? எது தாங்குது, எது சாகுது? அது தெரிஞ்சா நோயில பாதி புரிஞ்சிடும்" என்றார்.

காய்ச்சல் என்றதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே வெந்நீரில் விடக் கை வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். அதுதான் வினையாயிற்று.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா நோட்டைப் புரட்டியபடி நெற்றியைச் சுருக்கினார். உதவியாளர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பாருங்க மேடம். நான் வச்ச நாளெல்லாம் சாவு, இந்தம்மா வச்ச நாளெல்லாம் கல்யாணம். தண்ணி சூடேறும் முன்னாடியே குழாய எடுத்துட்டு, சூடு காட்டுனேன்னு எழுதிருக்கு. வேறென்ன?"

கழுவிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தேன். "நான் பொய் எழுதலம்மா."

"அப்ப என்ன பண்ணினே? பயப்படாம சொல்லு."

"பயந்துக்கிட்டேதாம்மா சொல்லுவேன். பச்சப்புள்ளையக் குளிப்பாட்டும்போது எடுத்தவொடன தலையிலயா ஊத்துவோம்? மொதல்ல கால்ல ஊத்தி, சூடு பழகுனப்பெறகுதான மேல ஊத்துறோம். அதுமாரி வாளியில வெதுவெதுன்னு தண்ணி வச்சு, குழாய அதுல கொஞ்ச நேரம் நிப்பாட்டிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டு போவேன். தொட்டியில நீங்க சொன்ன சூடு, சொன்ன நேரம். ஒரு நிமிசங்கூடக் கொறைக்கல."

உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முள்ளுருண்டைக்குத் தாய்மாமன் சீர் ஒண்ணுதான் மேடம் பாக்கி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நான் சொல்லாததைச் செஞ்சது தப்பு. செஞ்சதை எழுதாதது அதைவிடத் தப்பு. இத்தனை பக்கமும் இப்ப குப்பை." என் முகத்தையே பார்த்தார். "நாளைக்கு என் கண் முன்னாடி ரெண்டு பேரும் வைங்க. ஒரே தொட்டி, ஒரே நேரம். உன் குழாயும் செத்துச்சுன்னா நீ பொய்தான் எழுதியிருக்கே. அதுக்கப்புறம் இங்க வர வேண்டாம்."

வீட்டில் சோறு இறங்கவில்லை. "முள்ளுருண்டைக்காகவா பட்டினி கெடக்க?" என்றார் வீட்டுக்காரர். வேலை போனால் போகட்டும். பொய்க்காரி என்கிற பேரோடு எந்த வாசலில் போய் நிற்பது?

மறுநாள் வழக்கம்போல வாளியில் நாற்பது நிமிடம் வைத்தேன். டாக்டரம்மா தெர்மாமீட்டரை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிறகு என் குழாய்களும் உதவியாளர் குழாய்களும் சேர்ந்தே தொட்டியில் இறங்கின, சேர்ந்தே வெளியே வந்தன.

அதற்கடுத்த நாள் காலை மைக்ராஸ்கோப்பில் முதலில் உதவியாளர் குழாயைப் பார்த்தார். எல்லாம் அடியில் அழுக்குப் போலக் கிடந்தன. பிறகு என்னுடையதை வைத்தார். கண்ணை எடுக்கவே இல்லை. போச்சு என்று நினைத்துத் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"எங்க போறே? வந்து பாரு."

குனிந்து பார்த்தேன். பம்பரம். அத்தனையும் பம்பரம்.

"இது இந்தம்மா கைராசி மேடம்" என்றார் உதவியாளர், குரல் இறங்கி.

"கையா, வாளியா? அதைத்தான் இப்ப பார்க்கணும்" என்ற டாக்டரம்மா ஆளை மாற்றிவிட்டார். வாளி உதவியாளருக்கு. நேரே வெந்நீர் எனக்கு. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கையால் அந்தப் பொடிகளைக் கொதிப்பில் இறக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன், மணி பார்க்க வேண்டியிருந்ததால் திறந்தேன். என் குழாய் சாக வேண்டும், என்னைப் பொய்க்காரி என்றவர் குழாய் பிழைக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த காலையில் உதவியாளர் எங்களுக்கு முன்பே வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினார்.

"மேடம், ஓடுதுங்க! நான் வச்சது ஓடுதுங்க! அக்கா, வாங்கக்கா, பாருங்கக்கா!"

அதுவரை 'இந்தம்மா'வாக இருந்தவள் நான்.

டாக்டரம்மா இரண்டு குழாய்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகமாக இருந்தது.

"லேசா சூடு பட்டதுமே செல்லுக்குள்ள ஏதோ ஒண்ணு தயாராயிடுது. பெரிய சூடு வர்றப்ப அது காவல் நிக்குது. அது என்னன்னு எனக்குத் தெரியலை. ஆனா இருக்கு, இங்கதான் இருக்கு." உதவியாளர் பக்கம் திரும்பினார். "இனிமே வாளி இவங்க பொறுப்பு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு இவங்க சொல்றதை நீங்க எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதணும்."

"சரிங்க மேடம். அக்கா சொல்லட்டும்" என்று பேனாவைத் திறந்தார்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஞ்சாம் வகுப்பை விட்ட நாளிலிருந்து என் வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு வேர்த்திருக்கும். வேர்க்கவில்லை.

"அம்மா, வாளியில வச்சதுக்குத் தெம்பு இன்னும் இருக்கும்னு தோணுது. தொட்டியில ஒரு டிகிரி கூட்டிப் பாப்பமா?" என்றேன்.

"யாத்தி!" என்றார் உதவியாளர்.

டாக்டரம்மா எழுந்துபோய், தானே ஸ்டவ்வின் திரியைத் தூண்டிவிட்டார்.