சஷ்டியின் ஐந்தாம் நாள்

அமெரிக்கன் ஃபுட்போலில் என் வேலை, மறித்து நிற்பது. பந்தை எறிபவன் எனக்குப் பின்னால் நிற்பான். அவனை விழுத்த ஓடிவருபவர்களை, அவன் எறிந்து முடிக்கும்வரை நான் தடுக்க வேண்டும். மூன்று விநாடி போதும். சிட்னியில் எட்டு வருடம் விளையாடியும் ஒரு ஆட்டத்தில்கூட நான் பந்தைத் தொட்டதில்லை. அதில் எனக்கு மனக்குறையும் இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை, சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் ஜெர்மன் அணியொன்றின் பயிற்சியாளர் என் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கு முப்பத்தொரு வயது. இது தவறினால் இனி யாரும் வரப்போவதில்லை. அந்த அணியில் இடம் கிடைக்க வேண்டுமென்றே கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஆறு நாளும் பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும். நூற்றிருபத்தைந்து கிலோ ஆளுக்குப் பாலும் பழமும்! முட்டாள்தனம் என்று இப்போது எழுத முடிகிறது. அன்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

சொன்னது மனைவி ஒருத்திதான். ஐந்தாம் நாள், ஆட்டத்தன்று காலை, சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் இடியப்பத்தை என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ. முருகன் கோவிக்க மாட்டார்."

"இண்டைக்கு உடைச்சால் நாலு நாள் பட்டினியும் வீண்."

தட்டைத் தள்ளிவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனேன். அணியில் ஒருவரிடமும் விரதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

முதல் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெர்மன்காரர் கோட்டோரம் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் கண் இருட்டியது. எதிரில் வந்தவன் மோதியதும் முழங்கால் மடங்கி விழுந்தேன். அவன் என்னைத் தாண்டி ஓடுவது கேட்டது. அடுத்து, பின்னாலிருந்து அலறல். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

எறிபவனுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. ஜெர்மன்காரர் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்து விரதம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பந்தைக் கொஞ்சம் முந்தியே எறிந்திருப்பேனே என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"வாறன். சாப்பாடு போட்டு வையும்."

விரதம் முடிய இன்னும் ஒரு நாள்தானே என்றாள். அந்த ஒரு நாளையும் பிடித்து, எந்த முகத்தோடு முருகனிடம் கேட்பது?